முத்துச்செல்வியின் மாடி ஓடை

உசிலம்பட்டியில் எங்கள் தெருவில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டால் யாரும் சும்மா கடந்து போக மாட்டார்கள். "தொட்டி நிரம்பி வழியுது, மோட்டாரை அமத்துங்க" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். பால்காரர் கத்துவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்தும். முன்பின் தெரியாதவன் பைக்கை நிறுத்திவிட்டுக் கத்துவான். வாரத்துக்கு ஒரு தரம், சில சமயம் அதுவும் தவறிக் குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் அது நியாயம்தான். ஆனால் போன கார்த்திகையிலிருந்து தை மாதம் முடிய அந்தக் கத்தலையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது என் வாசல். தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடிப்பதற்குள் இரண்டு பேராவது தலையை நீட்டி எனக்குப் புத்தி சொல்லிவிடுவார்கள்.

"அது தொட்டி இல்லங்க, ஓடை" என்று பொறுக்க முடியாமல் ஒருநாள் சொல்லிவிட்டேன். கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

மாடியில் ஓடை வைத்தது நானில்லை. என் வீட்டு மாடியில் குடியிருக்கும் முத்துச்செல்வி. மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். எழுமலையைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. அப்பா பேச்சிமுத்து வெகுகாலம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி மக்காச்சோளம் போடுகிறார். தம்பி பீமாராவ் மதுரையில் எலக்ட்ரீசியன். அம்மா முருகம்மாள் மகளோடு இங்கேயே இருக்கிறார்.

அவள் வீடு தேடி இந்தத் தெருவுக்கு வந்தபோது, கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே "எந்த ஊரு, யாரு மக" என்று கேட்டவர்கள் உண்டு. ஊரைச் சொன்னதும் "சொந்தக்காரவுக வாராக, வீடு இல்ல" என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. பூட்டிய வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரன் வந்தான் என்று நானும் இன்று வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். என் வாசலுக்கு அவள் வந்தபோது இரண்டே கேள்விதான் கேட்டேன்.

"மாடியில ஆட்டம் பாட்டம் இருக்குமா? தண்ணிய வீணாக்குவியா?"

"ரெண்டும் கெடையாதுக்கா" என்றாள் கூசாமல்.

அந்த இரண்டாவது பதிலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும்.

பள்ளிக்கூட வேலை போக, மதுரையில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். வேகமாக ஓடுகிற தண்ணீரில் பூச்சிகள் எப்படி அடித்துக்கொண்டு போகாமல் நிற்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதல்முறை கேட்டபோது "குடிக்கவே தண்ணி இல்லாத சீமையில பொறந்துட்டு, ஓடுற தண்ணியப் பத்திப் படிக்கிறியே, ஒனக்கு வேற எதுவும் ஆப்பிடலையா?" என்றேன். அவள் கோபப்படவில்லை. அவள் ஊருக்கு மேலே ஒரு ஓடை இருக்கிறதாம். ஐப்பசி மழைக்குப் பிறகு சில மாதம் ஓடும், தை பிறந்தால் இளைக்க ஆரம்பித்துவிடும். அந்த ஓடைதான் தன் பாடப்புத்தகம், வருசத்துக்கு ஒருமுறைதான் திறக்கும் என்று சொல்லிச் சிரித்தாள்.

மாடி ஓடையை பீமாராவ்தான் செய்து கொடுத்தான். அகலமான பிளாஸ்டிக் பைப்பை நெடுக்காக அறுத்துச் சாய்த்து வைத்து, கீழே ஒரு அண்டா, அண்டாவுக்குள் ஏர் கூலரில் இருக்குமே அந்தச் சின்ன மோட்டார். அண்டாத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். மேலேயிருந்து அது கல்லுக்கு மேல் சடசடவென்று இறங்கி மறுபடி அண்டாவில் விழும். கரண்டு போனாலும் நிற்காதபடி ஒரு பேட்டரி. வெயில் படாமல் மேலே பச்சை வலை. கல்லும் தண்ணீரும் அந்த மலையடிவார ஓடையிலிருந்து வந்தவை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போய் இரண்டு கையிலும் கேன் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர் அதில் செலவில்லை. இதை நான் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருத்தியைத் தவிர யாரும் நம்பவில்லை.

ஒருநாள் மேலே துணி காயப்போடப் போன என்னை நிறுத்தி, ஒரு கல்லைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினாள். புளியங்கொட்டையைப் பாதியாகப் பிளந்து ஒட்டியது போல ஏதோ கல்லோடு கல்லாகக் கிடந்தது. பிறகு அது நகர்ந்தது. தட்டையான தலை, பக்கவாட்டில் விரித்த கால்கள், பின்னால் முடி போல வால்கள்.

"இங்கிலீஷ்ல இதை மே ஃப்ளைன்னு சொல்லுவாங்கக்கா. இது அதோட இளம்பூச்சி."

"இம்புட்டு வேகத்துல எப்படி நிக்குது?"

"வேகம் எல்லாம் மேலதான். கல்லை ஒட்டி ஒரு முடி கனத்துக்குத் தண்ணி மெதுவாத்தான் போகும். இது அதுக்குள்ளேயே படுத்துக்கிரும். நிமிந்தாத்தான் அடிச்சிட்டுப் போகும். தலைய அமுக்கி வச்சுக்கிட்டா, வர்ற தண்ணியே இதைக் கல்லோட அழுத்திப் புடிக்கும்."

அதே கல்லின் முனையில் கறுப்பாகச் சின்னச் சின்னப் புழுக்கள் நட்டு வைத்தாற்போல் ஆடிக்கொண்டிருந்தன. அவை தானே நூல் நூற்றுக் கல்லில் பசை போல ஒட்டி, அதில் பின்பக்கத்துக் கொக்கியை மாட்டிக்கொண்டு நிற்பவை. பிடி விட்டுப் போனாலும் ஒரு நூலில் தொங்கிக்கொண்டு திரும்ப ஏறி வந்துவிடுமாம். இன்னொன்று மணலை ஒட்டித் தனக்கு ஒரு கூடு கட்டி, அந்தக் கனத்தில் உட்கார்ந்திருந்தது. நான் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தைக்க வேண்டிய துணியெல்லாம் கீழே கிடந்தது.

முத்துச்செல்விக்கு இருந்த சிக்கல் வேறு. அந்தத் தட்டைப்பூச்சியில் ஒரு வகை அவள் ஓடையில் கிடைக்கிறது. அது எப்படி நிற்கிறது, எந்த வேகத்தில் நிற்கிறது என்று எல்லாம் அளந்து எழுதிவிட்டாள். ஆனால் அது என்ன பூச்சி என்று பெயர் சொல்ல முடியவில்லை. குஞ்சை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல முடியாதாம். றெக்கை முளைத்து வெளியே வந்த ஆண்பூச்சி ஒன்று வேண்டும். பெயர் தெரியாத பூச்சியைப் பற்றி இத்தனை பக்கம் எழுதி எப்படி ஏற்றுக்கொள்வது என்று அவளுடைய பேராசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார். அவளுக்குக் கொடுத்த காலமும் இந்த வருசத்தோடு முடிகிறது. போன வருசம் அவள் அவற்றைக் கண்ணாடித் தொட்டியில், தெளிந்த தண்ணீரில் அலுங்காமல் வைத்திருந்தாள். விடிந்து பார்த்தால் எல்லாம் செத்துக் கிடந்தன.

"நல்ல தண்ணியில வச்சும் செத்துப்போச்சா?" என்று கேட்டேன்.

"நின்ன தண்ணிக்கா அது. இதோட செவுள் வயித்துக்கு ரெண்டு பக்கமும் இலை மாதிரி இருக்கு. அதை ஆட்டித் தண்ணிய இழுத்துக்க இதுக்குத் தெரியாது. தண்ணிதான் வந்து உரசிட்டுப் போகணும். வேகம் இதுக்கு இடைஞ்சல்னு நானும் நெனச்சேன். வேகத்துலதான் இது மூச்சு விடுது."

அதனால்தான் இந்த ஓடை. தை பிறந்தபோது சில பூச்சிகளின் முதுகில் றெக்கை மடிந்திருக்கும் இடம் கறுத்து வந்தது. கறுத்தால் வெளியே வரப் போகிறது என்று அர்த்தமாம். ஊரிலே ஓடை அதற்குள் குட்டையாகிவிட்டது. இனி போய்ப் பிடித்து வருவதற்கும் ஒன்றும் இல்லை. மாடியில் இருப்பதுதான் மிச்சம்.

இந்த நேரத்தில் மாயக்காள் வந்து சேர்ந்தாள். எதிர்வீட்டுக்காரி. விடியுமுன் மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வந்து இங்கே பஸ் ஸ்டாண்டில் விற்பவள். தை அமாவாசைக்குச் சாமி கும்பிட சதுரகிரி மலையேறுவது அவளுக்கு வழக்கம். இந்த வருசம் முழங்கால் விடவில்லை. தெருவில் எல்லோரும் என் வீட்டுச் சத்தத்தைத் தொட்டி வழிகிற சத்தம் என்று நினைத்தார்கள் என்றால், நான் சொன்ன பேச்சை முழுசாக நம்பியவள் மாயக்காள் ஒருத்திதான். அது மலைத்தண்ணீர் என்பது அவள் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது. இந்த ஊரில் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் என்ன செய்வோம்? மஞ்சள் போட்டு, குங்குமம் போட்டு, பூவைத் தூவிக் கும்பிடுவோம். அவளும் அதைத்தான் செய்தாள்.

தை அமாவாசையன்று முத்துச்செல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். முருகம்மாள் கடைக்குப் போயிருந்தார். நான் தைத்த துணியைக் கொடுக்க வெளியே போய்விட்டுத் திரும்பினால், மாடிப்படியிலிருந்து மாயக்காள் தாம்பாளத்தோடு இறங்கி வருகிறாள். முகமெல்லாம் பூரிப்பு.

"மலைக்கு நான் போக முடியல பாண்டியம்மா, மலை எனக்காக மாடிக்கு வந்துருக்கு. நல்லாக் கும்பிட்டேன்" என்றாள்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஓடை முழுக்க மஞ்சள். ஒரு பொட்டலத்தை அப்படியே கொட்டியிருக்கிறாள். குங்குமம் ஒரு பக்கம் சிவப்பாகக் கரைந்து இறங்குகிறது. செண்டுப்பூ இதழ்கள் கல்லிடுக்கில் அடைத்துத் தண்ணீர் ஓரத்தில் வழிகிறது. மோட்டார் அந்த மஞ்சளையே ஏற்றி ஏற்றி ஊற்றிக்கொண்டிருந்தது.

போன் போட்டதும் முத்துச்செல்வி வந்துவிட்டாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். அவள் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் பார்த்தாள். கல்லுக்கடியில் கிடக்க வேண்டிய பூச்சிகள் கல்லுக்கு மேலே ஏறி, தண்ணீர் விளிம்பில் வந்து நின்றன. கறுப்புப் புழுக்கள் பிடியை விட்டுவிட்டு நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. சில அண்டாவுக்குள் போய் அசையாமல் மிதந்தன.

"செவுள்ல மஞ்ச அடைக்குதுக்கா. மூச்சு விட முடியல அதுக" என்றாள்.

பின்னாலேயே ஏறி வந்த மாயக்காளுக்கு அப்போதுதான் விளங்கியது. "ஆத்தி! நல்லதுன்னு நெனச்சுத்தான தாயி செஞ்சேன்" என்று தாம்பாளத்தை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பாவம், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தண்ணீரை உடனே மாற்ற வேண்டும். மலைத்தண்ணீர் ஒரே ஒரு கேன்தான் மிச்சம். கல்லையெல்லாம் அலசி, பைப்பை அலசி, அண்டாவை அலச அது எந்த மூலைக்கு? கடையில் கேன் வாங்கி வரவா என்று கேட்டேன். அதில் என்னென்ன எடுத்திருப்பார்கள், என்ன கலந்திருப்பார்கள் என்று தெரியாது, வேண்டாம் என்றாள். குழாய்த் தண்ணீர் புதிதாக வந்தால் அதில் பிளீச்சிங் இருக்கும், பூச்சிக்கு ஆகாது.

"புடிச்சு வச்சு நாளான தண்ணியா இருந்தா பரவால்லக்கா. பிளீச்சிங் எல்லாம் போயிருக்கும். பழைய தண்ணி வேணும்."

பழைய தண்ணீர்! எங்கள் தெருவில் அதைத் தவிர வேறென்ன இருக்கிறது? டிரம்மில், அண்டாவில், சிமெண்டுத் தொட்டியில், குளிக்கிற வாளியில் என்று ஒவ்வொரு வீட்டிலும் அதுதான். ஆனால் தண்ணீர் விட்டு வாரம் ஓடிவிட்டது. எல்லோர் டிரம்மிலும் அடி தட்டுகிற நேரம். நாளைக்கு விடுவானா, அதற்கு மறுநாளா என்று எவருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் போய்த் தண்ணீர் கேட்பது, அதுவும் பூச்சிக்கு என்று கேட்பது லேசான காரியமில்லை. முத்துச்செல்வி கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குக் கதவைச் சாத்தியவர்கள் வீடும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

நான் என் டிரம்மைக் கவிழ்த்தேன். அதில் ஒரு அலசல் ஆனது. முத்துச்செல்வி பூவைப் பொறுக்கி, கல்லை ஒவ்வொன்றாக அலசி வைத்தாள். ஆனாலும் தண்ணீர் மஞ்சளாகத்தான் ஓடியது.

அதற்குள் மாயக்காள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற தொண்டை, சும்மாவா?

"ஏத்தா, எல்லாரும் கேளுங்க! டீச்சர் பொழப்புல நான் மண்ணள்ளிப் போட்டுட்டேன். வீட்டுக்கு ஒரு கொடம் பழைய தண்ணி குடுங்க. நாளைக்குத் தண்ணி வரலைன்னா என் வீட்டுல வந்து கேளுங்க, எங்க போயாவது நான் கொண்டாந்து தாரேன்!"

"பூச்சிக்கா தண்ணி? ஒனக்கென்ன கிறுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கிறுக்குத்தான். மொதல்ல தண்ணியக் குடு, அப்பறம் என்னைய வையி" என்றாள் மாயக்காள்.

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். ஒருத்தி அரைக் குடம், ஒருத்தி வாளி. வீடு இல்லை என்று சொன்னவள் கூட வாசல் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். மாயக்காளால் மறுபடி படியேற முடியவில்லை. அவள் படிக்குக் கீழே நின்று குடத்தை நீட்ட, கடையிலிருந்து வந்துவிட்ட முருகம்மாள் நடுப்படியில் நின்று வாங்கி எனக்குக் கொடுக்க, நான் மேலே கொண்டுபோனேன். முதல் குடத்தை வாங்க முருகம்மாள் கையை நீட்டவில்லை. கீழே வைக்கட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்பது போல நின்றார்.

"புடிங்க மதினி, கை கடுக்குது" என்றாள் மாயக்காள்.

முருகம்மாள் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு குடம் நிற்காமல் வந்தது. வேலையெல்லாம் முடிந்து படியில் உட்கார்ந்தபோது அவர் என்னிடம் மட்டும் சொன்னார்: "சின்னப் பிள்ளையில குத்தவச்சுக் கைய ஏந்தினாத்தான் எங்களுக்குத் தண்ணி ஊத்துவாக. இன்னைக்குக் கொடத்தையே கையில குடுத்துருச்சு அந்தம்மா." நான் நகர்ந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

கடைசியாக மலைத்தண்ணீரை ஊற்றி மோட்டாரைப் போட்டபோது ஓடை தெளிவாக ஓடியது. மஞ்சள் தண்ணீரெல்லாம் என் முருங்கைக்குப் போனது. நிறையப் பூச்சிகள் செத்துவிட்டன. ஆனால் சில கல்லின் மேலிருந்து நகர்ந்து, விளிம்பைத் தாண்டி, மறுபடி கல்லுக்கடியில் போய்த் தலையை அமுக்கிப் படுத்துக்கொண்டன. அதைப் பார்த்துவிட்டுத்தான் முத்துச்செல்வி அழுதாள்.

அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு வேறு வேலை இல்லாமல் போனது. "தொட்டி வழியுது" என்று கத்திய வாயெல்லாம் இப்போது "வந்துருச்சா?" என்று கேட்டது. முதலில் ஒன்று வந்தது, பெண்பூச்சி. ஆண் வரவில்லை. முத்துச்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். முருகம்மாள் ஊட்டாத குறைதான்.

பிறகு ஒரு சாயங்காலம், நான் விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து "அக்கா!" என்று ஒரு கூப்பாடு. போய்ப் பார்த்தால், வெளியே வரும் பூச்சி பறந்துவிடாமல் ஓடையை மூடி அவள் கட்டியிருந்த கொசுவலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சி, றெக்கையை நிமிர்த்திக்கொண்டு.

"கண்ணப் பாருங்கக்கா, எம்புட்டுப் பெருசு! ஆம்பளைதான். இன்னும் ஒரு தடவை தோல் உரிக்கணும். உரிச்சிட்டா முழுசாயிரும், எனக்கு அது போதும்."

காலையில் உரித்திருந்தது. பழைய தோல் வலையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் கண்ணாடி போன்ற றெக்கையோடு அது உட்கார்ந்திருந்தது. முத்துச்செல்வி பீமாராவுக்குப் போன் போட்டாள், பேராசிரியருக்குப் போன் போட்டாள், அப்பாவுக்குப் போட்டு அவருக்குப் புரியும்வரை கத்திக் கத்திச் சொன்னாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் பார்த்ததில்லை.

மாயக்காள் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தாள். கையில் ஒரு சொம்பு. கிட்டே வராமல் தள்ளியே நின்று கேட்டாள்.

"தொண்டை காஞ்சுருக்குமே தாயி. ஒரு சொட்டுத் தண்ணி வைக்கட்டா? மஞ்ச கிஞ்ச இல்ல, வெறுந்தண்ணிதான்."

"அதுக்கு வாய் கெடையாதுக்கா" என்றாள் முத்துச்செல்வி.

"வாய் இல்லையா?"

"கல்லுக்கடியில கெடக்கும்போதுதான் வாய். றெக்கை வந்துட்டா வாய் ஒண்ணுக்கும் ஆகாது. தின்னாது, குடிக்காது. இன்னைக்குப் பொழுது தாண்டினாலே பெருசு."

மாயக்காள் சொம்பைப் பார்த்தாள், பூச்சியைப் பார்த்தாள். "அப்ப தெருவே குடுத்தோமே, அம்புட்டுத் தண்ணியும்?"

"அம்புட்டும் இந்த ஒரு நாளுக்குத்தான்க்கா."

மாயக்காள் சொம்பைக் கீழே வைத்தாள். முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, சுவரில் சாய்ந்து வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "ஒரு நாள்தானே. யாராவது ஆளு கூட இருக்கணும்ல" என்றாள். இங்கே உயிர் போகிற நேரத்தில் ஒருவரையும் தனியே விட மாட்டோம். அவள் அன்று பூ விற்கப் போகவில்லை. முருகம்மாள் கொண்டுவந்த சோற்றை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பொழுது சாயும்போது பூச்சியின் றெக்கை தணிந்து ஒரு பக்கமாகச் சரிந்தது. முத்துச்செல்வி அதை ஒரு தூரிகை நுனியில் எடுத்துச் சின்னக் குப்பியில் இறக்கும்வரை மாயக்காள் எழுந்திருக்கவில்லை.

"பேரு தெரிஞ்சதும் எனக்கு வந்து சொல்லணும் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பங்குனியில் பெயர் உறுதியானது. கல்லூரியிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கிய முத்துச்செல்வி, மாடிக்கு வராமல் நேரே எதிர்வீட்டுக்குள் போனாள்.